தைல இலையும் தங்கமும்

பாலாற்றின் ஜலத்தைத் தேக்கிக் கோலார் தங்கவயல் மக்களின் தாகத்தை நெடுங்காலம் தணித்த பேத்தமங்களா ஏரியிலிருந்து சுரங்க நகரை நோக்கிச் செல்பவர், அந்தப் பிரதேசத்தில் மிகுந்து காணும் தைல மரத்தின் இலை ஒன்றைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்தால், ஊசி முனையால் குத்தினாற்போன்ற தெளிந்த புள்ளிகளைக் காண்பார். கசக்கியதும் மூக்கில் ஏறும் வாசனைக்கு அந்த எண்ணெய்ப் பைகளே காரணம்.

இம்மரத்தின் தாயகமான ஆஸ்திரேலியாவில், கால்கூர்லிக்கு அருகே 30 மீட்டருக்கும் கீழே புதைந்துள்ள தங்கத்தை வேர்கள் நீரோடு உறிஞ்சி இலைக்கு அனுப்புகின்றன என்பதை, மெல்வின் லின்டர்ன் முதலிய விஞ்ஞானிகள் எக்ஸ் கதிர்களின் துணையால் 2013-இல் நிரூபித்தார்கள். மரத்துக்குத் தங்கம் விஷமாம். அதை ஒதுக்கித் தள்ளும் மார்க்கமாகவே இலையை உபயோகிக்கிறது போலும். (நம் மாப்பிள்ளை வீட்டார் இதை நம்பப்போவதில்லை.) பூமியைத் துளைக்காமலே புதையலின் இருப்பிடத்தை இலையைக் கொண்டு ஊகிக்கலாம் என்பதே இந்த ஆராய்ச்சியின் பிரயோஜனம். ஆனால், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தோண்டியபின் 2001-இல் மூடப்பட்ட கோலார் சுரங்கத்தின் அடியாழத்தை எந்த வேரும் எட்டாது. இலைத் தங்கத்தில் மோதிரம் ஒன்று செய்யவோ, அந்த விஞ்ஞானிகளின் கணக்குப்படி, சுமார் 500 மரங்கள் வேண்டும்.