கண்ணோவும் ஏட்டில் எழுதும் பெயரும்

வேளாண்மை வெட்டுக் காலத்திலே சாகாமத்து வயல்வெளிகளில் கதிரறுப்போர் கண்ணில் நெற்கூரோ உமியோ படுவது புதுமையன்று. கண்ணைக் கசக்கிவிட்டு வேலையைத் தொடர்வர். இரண்டொரு நாளில் கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சம் கூசும். "கண்ணோவு" என்பர் வீட்டார். பள்ளிப் பிள்ளைகளிடையே தொற்றிப் பரவும் பீளைக் கண்ணுக்கும் அதே பெயர்தான். வீட்டுப் பேச்சுக்கு அது போதும். வைத்தியசாலை ஏட்டிற்குப் போதாது.

சிவப்பு ஒன்றாயினும் நோயின் இடம் வேறு. மேற்சவ்வின் அழற்சி பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடும். கண்ணாடி போன்ற விழிவெண்படலத்திலே புண்ணாயின், தழும்பு விழுந்து பார்வையே போகலாம். உள்ளிருக்கும் கதிராளியின் அழற்சியோ மற்றொன்று. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் திருத்த நோய் வகைப்பாட்டில் முதலாவதன் குறியீடு எச் 10. இரண்டாவதற்கு எச் 16.0, மூன்றாவதற்கு எச் 20. வைரசினால் வந்த மேற்சவ்வு அழற்சி என்று எழுதப்பட்டாலோ, கண் நோய்களின் அத்தியாயத்தையே விட்டுத் தொற்றுநோய்களிடையே பி 30க்குப் போய்விடும்!

1893ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுப் பெர்ட்டிலோன் அளித்த மூலப் பட்டியல் இறப்புக் காரணங்களுக்கானது. கண்ணோவு ஆளைக் கொல்வதில்லையே! 1948இன் ஆறாம் திருத்தத்திலேதான் உயிர் போக்காத பிணிகளும் அவ்வரிசையில் முறையாக இடம்பெற்றன.

குறியீடு இடுபவர் நோயாளரின் கண்ணைப் பார்ப்பவரல்லர். வைத்தியர் எழுதிய சொல்லையே பார்ப்பவர். "கண் சிவப்பு" என்று மட்டும் இருந்தால் அவர் என்ன செய்வார்? நெற்கூர் கீறிய புண்ணும் பிள்ளையின் பீளைக் கண்ணும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடும்.

கணக்குப் பிழையோடு தீங்கு நிற்பதில்லை. கதிராளி அழற்சிக்கு ஸ்டீரொய்ட் துளி நன்மருந்து. பயிர்ப்பொருள் குத்தியதால் பங்கசு பற்றிய புண்ணுக்கு அதுவே கேடு. நோயாளர் அக்கரைப்பற்றுக்கோ கல்முனைக்கோ அனுப்பப்படும்போது, அங்குள்ள வைத்தியருக்கு முன்கதை சொல்வது கையிலுள்ள துண்டுதான். எந்தக் கண், என்ன பட்டது, எப்போது, பார்வை எவ்வளவு, எத்துளி விடப்பட்டது என்பவை அதிலே வேண்டும். அமெரிக்கர் தமக்கென விரித்த வகைப்பாட்டில் எச் 10.31 வலக்கண்ணையும் எச் 10.32 இடக்கண்ணையும் குறிக்கும். உலகப் பொதுப் பத்தாம் திருத்தத்தின் எண்ணில் அவ்வேறுபாடு இல்லை. ஆகவே "இடக்கண்" என்ற ஒரு சொல்லை எழுத வைத்தியரின் பேனாவையன்றி வேறு துணையில்லை.

நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளின் நோய்க் கணக்கறிக்கை விடுதியில் தங்கியோரைப் பற்றியது. வெளிநோயாளர் பிரிவில் துளிமருந்து வாங்கித் திரும்புவோர் அதில் வருவதில்லை. கண்ணோவுக்காரரில் பெரும்பாலோர் இவர்களே. இவர்கள் கதை கிளினிக் கொப்பியோடு முடிகின்றது. அக்கொப்பியை மழையில் நனையாமல் வைத்திருங்கள். வைத்தியரிடம் செல்கையில் அதனையும், கடையில் வாங்கி விட்ட துளிமருந்துக் குப்பியையும் தவறாது கொண்டுபோங்கள்.