சுரங்கம் மூடிய பின்னும் ஓடிய ரயில்

தன்பாதில் நிலக்கரி சைடிங்குகளில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். 2019-ல் ஜப்பானில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, "எங்கே போகலாம் அப்பா?" என்று கேட்டான். "ஓமுதாவுக்கு" என்றேன். அவன் சிரித்தான், என் மனைவி சிரிக்கவில்லை.

கியூஷூ தீவில் உள்ள ஊர் அது. அங்கிருந்த மீகே, ஜப்பானின் பெரிய நிலக்கரிச் சுரங்கங்களில் ஒன்று. மிட்சுயி கம்பெனியார் 1891-ல் அதற்கென்றே ரயில் பாதை போட்டார்கள். அரியாகே கடலில் நீர் வற்றினால் சேறுதான் மிஞ்சும். பெரிய கப்பல் நெருங்காது. ஆகவே 1908-ல் மதகு வைத்த துறைமுகம் கட்டினார்கள். பிறகு பாதை மின்மயமாயிற்று. கைதிகளின் உழைப்பிலும் வளர்ந்த சுரங்கம் அது. 1963-ல் கரித்தூள் வெடித்து 458 பேர் மாண்டதும் அங்கேதான்.

1997 மார்ச் 30-ல் சுரங்கத்தை மூடினார்கள். கரி நின்றால் சைடிங் பாதை என்ன ஆகும் என்பது நம் சங்கத்தில் பலருக்கும் தெரியும். அங்கும் பெரும்பகுதித் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். வெறும் தடமாகிப் போன அந்தப் பாதைக்கு 2015-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை கிடைத்தது!

ஆனால் மியாஉராவிலிருந்து ஓமுதா ஸ்டேஷன் பக்கம் வரை சுமார் 2 கி.மீ. மட்டும் பிழைத்திருந்தது. அங்குள்ள ரசாயனத் தொழிற்சாலைக்கு நைட்ரிக் அமிலம் ரயிலில்தான் வந்துகொண்டிருந்தது. ஸ்டேஷனிலிருந்து கன்டெய்னர்களைக் கொண்டுவரும் எஞ்சின்கள் 1930-களில் செய்தவை. தொழிற்சாலைக்குள் ஷண்டிங் செய்தவை இன்னும் பழசு. ஒன்று 1917-ல் பிறந்தது, என்னைவிட முப்பது வயது மூத்தது. உள்ளே தலைக்கு மேல் மின்கம்பி கிடையாது. எனவே பாட்டரி ஏற்றிய ஒரு வண்டியை எஞ்சினோடு கோத்துவிட்டு, அதிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். எங்கள் சைடிங்கில் இப்படி ஒரு யோசனையைச் சொல்லியிருந்தால் அதிகாரி என்னைத் துரத்தியிருப்பார்.

2020 மே மாதம் அந்த ஓட்டமும் நின்றது. கொரோனா சமயம், நாங்கள் வீட்டில் அடைந்து கிடந்தோம். மகன் போனில் சொன்னான். "எது, அந்தப் பாட்டரி வண்டியைக் கட்டிக்கொண்டு போனதே, அதுவா?" என்று முதலில் கேட்டவள் என் மனைவிதான்.