வீட்டில் சால்டரிங் செய்கிறீர்களா? பசையில் காரீயம் இருக்கலாம்

மின்சுற்றுப் பலகையில் நுண்ணிய பாகங்களைப் பற்றவைக்கும் சால்டர் பசையில் சிலவகை 37 விழுக்காடு வரை காரீயம் கொண்டவை. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். இது வேறு, நச்சுத்தன்மை உள்ளது.

புகையில் காரீயம் வரும் என்றே பலர் அஞ்சுகிறார்கள். சால்டரிங் சூட்டில் அது பெரிதாக ஆவியாவதில்லை. விரலில் ஒட்டிய பசை வாய்க்குள் போவதுதான் முக்கிய ஆபத்து. மேசையிலும் தரையிலும் சிந்தியது, தவழும் பேரப்பிள்ளையின் கைக்கும் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் காரீயம் பாதிக்கும்.

கையுறை அணியுங்கள். வேலை செய்யும்போது சாப்பிடவோ புகைபிடிக்கவோ வேண்டாம். சிந்தியதைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பசையை உணவு வைக்கும் குளிர்பதனப் பெட்டியில் வைக்காதீர்கள். ரொட்டி வாட்டும் அடுப்பில் பலகையைச் சூடாக்கினால், பிறகு அதில் எதையும் சமைக்கவே கூடாது.

முடிந்தால் காரீயமற்ற பசையை வாங்குங்கள். அது 183 டிகிரிக்குப் பதில் ஏறக்குறைய 217 டிகிரி செல்சியஸில் உருகும், அவ்வளவுதான் சிரமம். ஆனால் எந்தப் பசையானாலும் அதிலுள்ள பிசினின் புகை ஆஸ்துமாவைத் தூண்டலாம். சன்னலைத் திறந்து, புகை முகத்துக்கு வராதபடி மின்விசிறியை வையுங்கள்.

நெடுநாளாக இவ்வேலை செய்பவரா? மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையில் காரீய அளவு தெரிந்துவிடும்.