சி டிரைவ் ரொம்பிப் போச்சா? பட்டா நகலை அழிச்சிடாதீங்க!

வளையமாதேவி,

கம்ப்யூட்டரில் சி டிரைவ் நிரம்பி சிவப்புக் கோடு காட்டியதும், கையில் கிடைத்த பைலை எல்லாம் அழிப்பவர்கள் அதிகம். கடைசியில் சினிமா படம் அப்படியே இருக்கும், பட்டா நகல் போயிருக்கும்.

சேத்தியாத்தோப்பு அருகே உள்ள வளையமாதேவி மாதிரி ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. என்.எல்.சி. சுரங்கத்துக்காக கால்வாய் வெட்ட, 2023 ஜூலையில் நெற்பயிர் நின்ற வயலில் பொக்லைன் இறங்கிய இடம் இது. ஏக்கருக்கு ரூ.40 ஆயிரம் இழப்பீடு தர சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. பட்டா பேர் மாறிவிட்டால் பழைய நகலை மறுபடி டவுன்லோடு செய்ய முடியாது. வயலில் எடுத்த வீடியோவும் அப்படித்தான்.

விண்டோஸ் 10, 11-ல் 'செட்டிங்ஸ்' போய், 'சிஸ்டம்', அதற்குள் 'ஸ்டோரேஜ்' பார்த்தால் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று தெரியும். அங்கே 'டெம்பரரி பைல்ஸ்' பட்டியலில்தான் ஆபத்து. அதில் 'டவுன்லோட்ஸ்' போல்டரும் நிற்கும். தெரியாமல் டிக் அடித்தால், இணையத்தில் எடுத்த பட்டா, சிட்டா எல்லாம் குப்பையோடு குப்பையாகப் போய்விடும்.

2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பழைய லேப்டாப் என்றால் கதை வேறு. 320 ஜி.பி. ஹார்டு டிஸ்க், விண்டோசில் சுமார் 298 என்றுதான் காட்டும். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. போதாததற்கு 'பாஸ் லினக்ஸ்' தனியாக ஒரு பங்கு வாங்கியிருக்கும், அது விண்டோஸ் கண்ணுக்கே தெரியாது. யாரும் திருடலை!

அந்த விண்டோஸ் 7-ல் ஸ்டோரேஜ் பக்கம் கிடையாது. 'விண்டிர்ஸ்டாட்' என்ற இலவச சாப்ட்வேர் கலர் கலர் கட்டமாக காட்டும். பெரிய கட்டம், பெரிய பைல். 2020-லேயே இந்த விண்டோசுக்கு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. அதனால் வேறு கம்ப்யூட்டரில் இறக்கி பென் டிரைவில் கொண்டு வருவது நல்லது.

பெரிய கட்டம் 'ஹைபர்பில்' என்று இருந்தால் கை வைக்க வேண்டாம். ஹைபர்னேட் வசதியை நிறுத்தினால் தானே போகும். 'விண்டோஸ்.ஓல்டு' என்றால் பழைய விண்டோசின் மிச்சம், பல ஜி.பி. தின்னும். தேவையானதை நகல் எடுத்த பிறகு 'டிஸ்க் கிளீனப்' மூலம் நீக்கலாம். ரீசைக்கிள் பின்னில் கிடப்பதும் இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அதை காலி செய்யும் முன் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்க, பத்திர ஸ்கேன் அதில் கிடக்கலாம்.