ஒட்டுவதற்கு முன் பெட்டியைப் பாருங்கள்

பிறந்தநாள், நத்தார் என்று வந்தால் எங்கள் பிள்ளைகள் இந்த ஒட்டுகிற விமானப் பெட்டிகளைத்தான் கேட்கிறார்கள். பள்ளிக்கூடச் சிநேகிதர்களின் வீட்டில் கண்டுவிட்டு வந்து கேட்கிறார்கள். நாங்களும் வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம். திரும்பி வந்தால் பிள்ளை மேசையில் கவிழ்ந்து படுத்து அழுகிறது. "நான் பழுதாக்கிப் போட்டன் அப்பா."

எங்கள் வீட்டில் இது நடந்தது. ஒரு செட்டை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. மூக்கில் விரல் நகம் போகிற அளவு பிளவு. அதை மூடப் பசையை அப்பி, பசை வழிந்து, எல்லாம் நாசம். மிஞ்சிக் கிடந்த துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது, பிழை பிள்ளையின் கையில் இல்லை, அச்சில்!

இதைச் சொல்ல எங்களுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. நாங்கள் இருவரும் பத்து வருடத்துக்கு மேலாக இங்கே ஜேர்மனியில் பிளாஸ்ரிக் வார்க்கும் மெசினில் நிற்கிறோம். எங்கள் மெசினில் வருவது மூடிகளும் பிடிகளும். ஆனால் வேலை ஒன்றுதான். உருக்கிய பிளாஸ்ரிக்கை இரண்டு பாதி இரும்பு அச்சுக்குள் அமுக்கத்தோடு செலுத்தி, குளிரவிட்டு, அச்சைத் திறந்து தள்ளிவிடுவது. பழுதான சாமானைப் பொறுக்கி எறிவதற்கே எங்களுக்குச் சம்பளம். அந்தக் கண்ணை வீட்டிலும் பாவித்தால் என்ன?

இரண்டாம் முறை கடைக்கு மகனோடு நாங்களும் போனோம். அவன் முதலில் தூக்கி வந்த பெட்டியில் இருந்த படம் கிபிர். 1996 இல் இலங்கை விமானப்படை வாங்கிய அதே கிபிர்தான். நல்ல வார்ப்பாகவே இருந்திருக்கலாம். திறந்து பார்க்கவில்லை, வைத்துவிடச் சொன்னோம். ஏன் என்று கேட்டான். வீட்டுக்கு வந்துதான் சொன்னோம்.

எடுத்தது ஹரிக்கேன், 72 இல் ஒரு பங்கு அளவு. 1935 இல் முதலில் பறந்த பிரித்தானிய விமானம் இது. 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி ஜப்பானியர் கொழும்பையும், 9 ஆம் திகதி திருகோணமலையையும் குண்டுபோட்டுத் தாக்கியபோது, எதிர்த்து எழும்பியவற்றில் ஹரிக்கேன்கள் முக்கியமானவை. சீனக்குடாவில் இருந்தும் எழும்பின. மகனுக்குச் சீனக்குடா எங்கே என்று வரைபடத்தில் காட்டினோம்.

இனிப் பெட்டிக்கு வருவோம். மேலே உள்ள படத்தை நம்பவேண்டாம். பழைய அச்சில் வார்த்ததைப் புதிய பெட்டியில் போட்டு விற்பது இந்த வியாபாரத்தில் வழமை. செட்டையின் உட்பக்கத்திலோ துண்டுகள் தொங்கும் சட்டத்திலோ சில வேளை வருடம் பொறித்திருக்கும். அது பெட்டியில் உள்ள வருடத்தைவிட முப்பது நாற்பது வருடம் பழையதாக இருந்தால் உசாராகுங்கள்.

அச்சு தேய்ந்தால் இரண்டு பாதியும் இறுக மூடாது. இடைவெளியால் பிளாஸ்ரிக் கசிந்து ஓரத்தில் மெல்லிய தோல்போல நிற்கும். தொழிற்சாலையில் இதைக் 'கிறாட்' என்போம். கத்தியால் சுரண்டினால் போய்விடும். சக்கரக்கால், துவக்குக்குழல் போன்ற மெல்லிய துண்டுகளில் இருந்தால்தான் தொல்லை. சுரண்டும்போது துண்டே முறியும்.

தடித்த இடங்களில் பள்ளம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கம் முதலில் இறுகி, உள்ளே சூடு ஆறும்போது பிளாஸ்ரிக் சுருங்கித் தோலை உள்ளே இழுப்பதால் வருவது அது. கண்ணுக்குத் தெரியாது, வர்ணம் பூசினால் பளிச்சென்று தெரியும். புட்டி வைத்து நிரப்பலாம். சின்ன வட்ட அடையாளங்கள், துண்டை அச்சிலிருந்து தள்ளும் கம்பி பட்ட இடம். உட்பக்கம் இருந்தால் பரவாயில்லை. விமானி இருக்கும் இடத்தில் இருந்தால் அச்சுச் செய்தவனைத்தான் ஏசவேண்டும். ஒரு துண்டின் நுனி நிரம்பாமல் மொட்டையாக வந்திருந்தால் அது திருத்துகிற பழுதே அல்ல. சட்டத்திலிருந்து வெட்டாமல், துண்டுச்சீட்டோடு கடைக்குக் கொண்டுபோங்கள். வெட்டிய பிறகு கடைக்காரர் மாற்றித்தருவார் என்று நினைக்கவேண்டாம்.

பிறகு அடிமட்டம். உண்மையான ஹரிக்கேனின் செட்டை அகலம் 12.19 மீற்றர். 72 ஆல் பிரித்தால் 169 மில்லிமீற்றர். கணக்கை மகனே செய்தான், அளந்தும் பார்த்தான். ஒரு மில்லிமீற்றர் வித்தியாசத்துக்கெல்லாம் நாங்கள் சண்டை பிடிப்பதில்லை. ஹரிக்கேனில் பார்க்கவேண்டியது வால்பக்கம். உண்மை விமானத்தின் பின்னுடல் துணி போர்த்தியது. ஆகவே உள்ளே இருக்கும் சட்டங்கள் துணிக்கடியில் மெதுவாகத் தெரியவேண்டும். சிலவற்றில் பட்டினி கிடந்த மாட்டின் விலாபோலத் துருத்திக்கொண்டு நிற்கும்.

கண்ணாடி மூடி தனிப் பையில் வந்திருக்கிறதா பாருங்கள். மற்றத் துண்டுகளோடு உரசினால் கீறல் விழும். இதற்கு விமானப் பசை பாவிக்கவே கூடாது. அந்தப் பசை ஒட்டுவதில்லை, பிளாஸ்ரிக்கைக் கரைத்து இணைக்கிறது. ஒரு துளி பட்டால் கண்ணாடி போய்விடும். பள்ளிக்கூடத்து வெள்ளைப் பசை போதும். தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் படங்களில், வட்டச் சின்னத்தின் சிவப்பு சரியாக நடுவில் இருக்கவேண்டும். சிவப்பே இல்லாவிட்டால் பழுது என்று நினைக்காதீர்கள். 1942 இன் நடுப்பகுதிக்குப் பிறகு ஆசியப் போர்முனையில் ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு மாறுபடாமல் இருக்க அதை எடுத்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் சவர்க்காரத் தண்ணீரில் கழுவுங்கள். அச்சில் ஒட்டாமல் இருக்கப் பூசும் எண்ணெய் மிச்சம் இருந்தால் வர்ணம் பிடிக்காது.

கடைசியாக, பெரிய துண்டுகளை மட்டும் வெட்டி, பசை இல்லாமல் ரேப்பால் சேர்த்துப் பாருங்கள். இதற்கு ஒரு மணித்தியாலம் போனாலும் போகட்டும். எங்கள் ஹரிக்கேனின் உடல் இரண்டு பாதியும் சரியாக மூடவில்லை. முதல் விமானத்தில் வந்த அதே பிளவு! மகன் எங்களைத் திரும்பிப் பார்த்தான். உள்ளே ஒரு பொருத்துமுனை கொஞ்சம் தடிப்பாக இருந்தது. அரத்தாளால் நாலு தேய் தேய்த்தான், மூடிவிட்டது. இடது செட்டை வளைந்திருந்தது. சுடுதண்ணீரில், கொதிதண்ணீரில் அல்ல, கொஞ்ச நேரம் வைத்து மெல்ல நிமிர்த்தி, குளிர்ந்த தண்ணீரில் பிடித்தோம். முழுதாக வரவில்லை. நாளைக்கு இன்னொருமுறை பார்க்கவேண்டும்.

விமானம் இப்போது ரேப் சுற்றியபடி மேசையில் நிற்கிறது. பசைப்போத்தல் அலுமாரியின் மேல்தட்டில். சனிக்கிழமை எங்கள் இருவருக்கும் வேலை இல்லை, அன்றைக்கு யன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஒட்டுவதாக மகனோடு பேச்சு.