லண்டன் போக ஒரு நேரம், திரும்ப ஒரு நேரம்

2020 பிப்ரவரி 8 இரவு நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்திலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747, 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் ஹீத்ரோவை எட்டியது. குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாக! வழியில் ஒரு கட்டத்தில் தரையைப் பொறுத்து அதன் வேகம் மணிக்கு 1,327 கி.மீ. விமானம் பறக்கும் உயரத்தில் ஒலியின் வேகமே ஏறத்தாழ 1,060 கி.மீ.தான். ஆனாலும் விமானம் ஒலியை முந்தவில்லை. அது நீந்திய காற்றே, ‘சியாரா’ புயலை ஒட்டி வலுத்து, 300 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகத்தில் கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளத்தோடு போகும் படகு, துடுப்பு போடும் வேகத்தைவிடச் சீக்கிரம் கரைகளைக் கடந்துவிடுகிறது அல்லவா?

இரு நிலையங்களுக்கும் இடையே மிகக் குறுகிய வழி சுமார் 5,540 கி.மீ. பூமி உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் அது நியூஃபவுண்ட்லாந்து, அயர்லாந்து வழியாகப் போகும். இந்தத் தூரம் மாறுவதே இல்லை. மாறுவது காற்று.

துருவக் குளிரும் தெற்கின் வெப்பமும் சந்திக்கும் இடத்தில், பூமியின் சுழற்சியால் திரும்பி, மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் இந்த ‘ஜெட் ஸ்ட்ரீம்’ சுமார் 10 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. ஜப்பானிய வானிலையாளர் வாசாபுரோ ஓயிஷி 1920களிலேயே பலூன்களை ஏவி இதை அளந்தார். அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டதால் அதைப் படித்தவர்கள் குறைவு. 1944இல் ஜப்பான் மீது பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் இந்தக் காற்றில் சிக்கித் திணறின.

போகும்போது இழந்த நேரம் வரும்போது கிடைத்துவிடும் என்றுதான் தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. விமானத்தின் வேகம் 900 கி.மீ., காற்று 100 கி.மீ. என்று கொள்வோம். எதிர்காற்றில் 6 மணி 55 நிமிடம். பின்காற்றில் 5 மணி 32 நிமிடம். மொத்தம் 12 மணி 27 நிமிடம். காற்றே இல்லையென்றால் 12 மணி 19 நிமிடம் போதும். எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால் நட்டம் எப்போதும் மிஞ்சுகிறது.

அதனால்தான் மேற்கே போகும் விமானிகள் கூடுதல் கிலோமீட்டர்களை மனமுவந்து ஏற்கிறார்கள். ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கிலும் கனடாவின் கேண்டரிலும் உள்ள கட்டுப்பாட்டு மையங்கள் அன்றன்றைய காற்றைப் பார்த்து அட்லாண்டிக் மேல் வான்பாதைகளை வகுக்கின்றன. கிழக்கே போகிறவர்களுக்குக் காற்றின் மடியில் பாதை. மேற்கே போகிறவர்களுக்கு அதை விலக்கிய சுற்றுவழி.

இந்தக் காற்று இன்னும் வலுக்கக்கூடும் என்பதுதான் கவலை. வளிமண்டலத்தில் கரியமில வாயு இரட்டித்தால் என்ன ஆகும் என்று ரெடிங் பல்கலைக்கழகத்தின் பால் வில்லியம்ஸ் 2016இல் லண்டன்–நியூயார்க் தடத்தை வைத்தே கணித்தார். கிழக்குப் பயண நேரம் குறைகிறது; மேற்குப் பயண நேரம் அதைவிட அதிகமாக நீள்கிறது. அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 2,000 மணி நேரம் கூடுதலாக வானில் இருக்கும். அதற்கு எரியும் எரிபொருள் மேலும் 7 கோடி கிலோ கரியமில வாயுவைக் கக்கும்.