குழியா, மேடா?

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1930களில் அங்கே ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கிவந்த மணிகளையும் கற்களையும் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் வாங்கிச் சேர்த்தார். அவருக்குக் கிடைத்த ஒரு கல்லில் மனிதத் தலை வெட்டப்பட்டிருந்தது. ரோமப் பேரரசர் அகஸ்டஸின் தலை அது என்று அவர் அடையாளம் கண்டார்.

இத்தகைய முத்திரைக் கல்லில் உருவம் குழியாகத்தான் இருக்கும். மெழுகில் அழுத்தினால் மேடாக எழும். ஆனால் வெளிச்சம் விழும் பக்கம் மாறும்போது, கல்லில் இருக்கும் குழியே மேடாகப் புடைத்துத் தெரிவதுண்டு. கல் மாறவில்லை. அப்படியென்றால் மாறியது எது?

வீட்டிலேயே பார்த்துவிடலாம். பணியாரக் கல்லை ஜன்னலுக்குப் பக்கத்தில் வையுங்கள். வெளிச்சம் எதிரிலிருந்து வரும்படி நின்று, மேலிருந்து செல்போனில் படம் எடுங்கள். ஒவ்வொரு குழியிலும் மேல்விளிம்பு இருண்டும் கீழ்விளிம்பு வெளுத்தும் இருக்கும். படத்தைத் தலைகீழாக்குங்கள். குழிகள் குமிழ்களாகிவிடும். பணியாரக் கல் என்று தெரிந்திருந்தும் அந்தக் குமிழ்கள் சட்டென்று மறைவதில்லை.

காரணம் இதுதான். விழித்திரையில் விழுவது தட்டையான பிம்பம். ஒரே மாதிரி நிழல் குழியிலும் விழும், மேட்டிலும் விழும். எது எது என்று பிரிக்க, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிய வேண்டும். வேறு தடயம் இல்லாதபோது மூளை, வெளிச்சம் மேலிருந்துதான் வருகிறது என்று தானே முடிவுகட்டிவிடுகிறது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், 1988இல் 'நேச்சர்' இதழில் இதை ஆராய்ந்து எழுதினார். அவர் எடுத்துக்கொண்டது வெறும் வட்டங்கள். மேலே வெளுத்துக் கீழே கருத்த வட்டம் மேடாகத் தெரிந்தது. அதைக் கவிழ்த்தால் குழியானது. படம் முழுக்க ஒரே விளக்கின் வெளிச்சம் விழுவதாகவே மூளை எடுத்துக்கொள்கிறது என்றும் அவர் காட்டினார். குனிந்து கால்களுக்கு நடுவே பார்த்தால் மேடும் குழியும் இடம் மாறிவிடும். மூளைக்கு 'மேலே' என்பது வானம் இல்லை, நம் உச்சந்தலை இருக்கும் பக்கம்!

கீழிருந்து மட்டுமே வெளிச்சம் வரும் இடத்தில் வளர்ந்த கோழிக்குஞ்சுகளை வைத்து 1970இல் ஓர் ஆய்வு வெளியானது. அவையும் வெளிச்சம் மேலிருந்து வருவதாகக் கொண்டே மேடு பள்ளத்தைப் பிரித்தன. ஒரே சூரியனுக்குக் கீழே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த உயிர்கள், அந்தச் சூரியனின் திசையைப் பிறக்கும்போதே கொண்டுவருகின்றன போலும்.

வெளிச்சம் மேலிருந்து வரும் என்ற இந்த விதியை வைத்தே, அரிக்கமேட்டுக்குப் பக்கத்து வீராம்பட்டினத்துக் கடலில் தப்பிப் பிழைக்கிறது கானாங்கெளுத்தி மீன். அதன் முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. மேலிருந்து விழும் வெயில் முதுகை வெளுப்பாக்கும், வயிற்றை நிழலில் தள்ளும். உடம்பின் நிறமோ அதற்கு நேர்மாறு. இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிட, துரத்திவரும் பெரிய மீனின் கண்ணுக்கு உருண்டை உடம்பு பிடிபடுவதில்லை.

அடுத்த முறை மீன் வாங்கும்போது, வெயிலில் அதைத் தண்ணீரில் நீந்தும் வாக்கில் பிடித்துப் பாருங்கள். பிறகு வயிறு மேலே வரும்படி திருப்புங்கள். அதுவரை ஒளித்துவைத்திருந்த உருட்சியையெல்லாம் ஒரே நொடியில் காட்டிக்கொடுத்துவிடும்.